ஒன்பது வாரத்தில் வரவிருந்த பூகம்பம்

பூமி நடுங்கும்போது மூன்று தவணையாக நடுங்கும். இது பௌதிகம் சொல்வது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அதைத் திருப்பிச் சொன்னவன் நான், அவ்வளவுதான். முதலில் தந்தி மாதிரி ஓர் அலை ஓடி வரும். அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுக்கும், அதற்குள் அது போய்விடும். பிறகு கடிதம் மாதிரி இன்னொன்று வரும், சற்று நிதானமாக, சற்றுக் கனமாக. கடைசியில் ஆளே பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார். வீட்டை இரண்டு பண்ணுவது அந்தக் கடைசி ஆள்தான். (எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெயர் சொன்னால் வம்பு.)

இந்த மூன்று அலைகளையும் ஒரே காலையில், ஒரே தெருவில், கருவி எதுவும் இல்லாமல் நிரூபித்துக் காட்டிய மனிதன் மதுரையில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் அவரைப் பார்க்க ஆசைப்படுகிறேன். எனக்கு எண்பது முடிந்துவிட்டது. இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

வருடம் முப்பத்து நாலு. பொங்கலை ஒட்டி வடக்கே பீகாரில் பெரிய பூகம்பம். பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்கள் கூட்டிச் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பி.ஏ., எல்.டி. முடித்து ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். குடியிருந்தது மகாலுக்குப் பின்பக்கம், நெசவாளர் தெருவில், ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் மாடி அறையில். கீழே நாலு தறி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தறி தட்டுகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. மூவாயிரத்துக்கு மேல் போனபோது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், கணக்கு விட்டுப் போயிற்று. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த வீட்டை ஆண்டது கமலாபாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தறியும் சரி, தறிக்காரர்களும் சரி, அவர் குரல் கேட்டால் நேராகிவிடும். அவருடைய தம்பி நாகராஜன் என் வயது, என் நண்பன். தங்கை சரோஜாவுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் தங்களுக்குள் பேசுவது வீட்டு மொழியில், நான் பக்கத்தில் இருந்தால் தமிழில். இரண்டு வருடத்தில் அந்த மொழியில் நான் கற்றுக்கொண்டது எண்கள் மட்டும்தான்.

சிக்கல் மாப்பிள்ளையின் தகப்பனார் உருவத்தில் வந்தது. பெயர் கோவிந்தன். சாயக்கடை வைத்திருந்தார். சாயச் சரக்கு அவருக்கு வடக்கேயிருந்து வரும். தை மாதக் கடைசியில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, கல்யாணத்தைச் சித்திரைக்கு அப்புறம் தள்ளி வைக்கவேண்டும் என்றார்.

"ஏன் சம்பந்தி?" என்றார் கமலாபாய்.

"பூகம்பம் வருதும்மா."

"அதான் பீகார்ல வந்துருச்சே!"

"அங்க வந்துருச்சு. இங்க இன்னும் வரலேல்ல? அது கிளம்பி வந்துட்டு இருக்கு. எனக்குச் சரக்கு அந்தப் பக்கமிருந்து வர ஒம்பது வாரம் ஆகுது. ஒம்பது வாரம்னா எண்ணிப் பாருங்க. முகூர்த்த நேரத்துல வந்து இறங்கும்."

சிரிப்பு வருகிறதல்லவா? அன்றைக்கு அந்தக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கூட்ஸ் வண்டியே ஒன்பது வாரம் எடுக்கும்போது பூமியின் நடுக்கம் அதற்கு முன்னால் எப்படி வரும்? தெருவில் நாலு பேர் அதை ஒப்புக்கொண்டே விட்டார்கள். ஒருவர், வழியில் மலைகள் இருப்பதால் பத்து வாரம் ஆகலாம் என்று திருத்தம் சொன்னார்.

கமலாபாய்க்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு தடவை தள்ளிப்போன கல்யாணம் இரண்டாம் தடவையும் தள்ளிப்போகும், மூன்றாம் தடவை நின்றே போகும் என்பது அவர் பயம். போதாக்குறைக்குச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே பாவு நூலில் நெய்த சேலை கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பாவுக்கான நயம் நூலை அலைந்து சேர்த்து வைத்திருந்தார்.

"நீங்க படிச்சவங்க. எடுத்துச் சொல்லுங்க சார்" என்றான் நாகராஜன். தெருமுனை வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை என் பிரசங்கம் என்று ஏற்பாடாயிற்று. கோவிந்தன் வந்து கேட்பதாக ஒப்புக்கொண்டார். கேட்டபிறகு முடிவு சொல்வாராம்.

சனிக்கிழமை மாலை நான் மாடிப்படி ஏறும்போது சரோஜா வழி மறித்தாள். அதுவரை என்னிடம் பேசாத பெண்.

"சார், அது எம்புட்டு வேகத்துல வரும்னு மட்டும் சொல்லுங்க. போதும். மத்தது ஒண்ணும் வேணாம்."

"மூன்று வகை அலை இருக்கும்மா. முதல் வகை..."

"வேகம் மட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இருபத்தாறு வயதில், பி.ஏ., எல்.டி. படித்தவனுக்கு, வேகம் மட்டும் சொல்லி உட்கார முடியுமா?

ஞாயிறு காலை. வாசகசாலையில் பதினாறு பேர் உட்காரலாம். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். கைக்குழந்தையையும் சேர்த்தால் நாற்பத்து நாலு. (சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை. அது விழித்துத்தான் இருந்தது.) ஆகவே கூட்டம் தெருவுக்கு வந்தது. தெருவில் ஏற்கெனவே கமலாபாயின் பாவு விரித்திருந்தது.

நெசவாளர் தெருவைக் காலையில் பார்த்திராதவர்களுக்கு: தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கு இழைகளையெல்லாம் தெருவிலேயே இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. அன்றைக்கு அது பன்னிரண்டு வாசல் நீளம். நடுநடுவே கவட்டைக் கம்புகள் தாங்கும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்க மூங்கில் குச்சிகள் செருகியிருக்கும். அரிசிக் கஞ்சி பூசி, நீளமான நார்ப் பிரஷால் நீவி, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகக் காயவைக்க வேண்டும். சேர்ந்து காய்ந்தால் தீர்ந்தது. அப்புறம் அது பாவு இல்லை, கயிறு. அன்று பாதி நீளத்துக்குக் கஞ்சி பூசியாகிவிட்டது. சரோஜாவின் கல்யாணப் பாவு அதுதான்.

நான் முதல் அலையில் ஆரம்பித்தேன். தெருவில் எடுத்துப் போட்ட வாசகசாலை பெஞ்சில் ஏழு பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். மரியாதைக்காகக் கோவிந்தனைக் கடைசியில், காற்றோட்டமான ஓரத்தில் உட்கார வைத்திருந்தோம்.

"முதல் அலை என்பது தள்ளல்" என்றேன். "யாரும் இடம் மாறுவதில்லை. ஒருவர் அடுத்தவரைத் தள்ள, அவர் அடுத்தவரைத் தள்ள, தள்ளல் மட்டும் பிரயாணம் பண்ணும். பாறையிலும் போகும், தண்ணீரிலும் போகும். இதோ!" என்று இந்தக் கோடியில் இருந்த நாகராஜனின் தோளில் இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளினேன்.

அலை மிக அழகாகப் போயிற்று. ஆறு பேரும் இடம் மாறவில்லை. ஏழாவது ஆளுக்கு அடுத்தாற்போல் தள்ள ஆள் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. கோவிந்தன் தெருவில் உட்கார்ந்திருந்தார்.

தூக்கி நிறுத்தினோம். வேட்டியைத் தட்டிக்கொண்டு, "யாரும் இடம் மாறமாட்டாங்கன்னு சொன்னீங்களே வாத்தியாரே?" என்றார்.

"கடைசி ஆள் விதிவிலக்கு."

"பொண்ணு வீட்டுக்கு வந்த இடத்துல நான்தான் விதிவிலக்கா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற சரோஜா உதட்டை அசைத்து 'வேகம்' என்றாள். எனக்குத் தெரிந்தது. ஆனால் என் குறிப்பில் வேகம் கடைசிப் பகுதியில் இருந்தது. வரிசையை மாற்றுவது என் சுபாவத்தில் இல்லை.

இரண்டாம் அலைக்காக ஒரு கிணற்றுக் கயிறு இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஒரு நுனியைக் கம்பத்தில் கட்டி, மறு நுனியைச் சுண்டினால் நெளிவு ஓடும். அலை முன்னால் போகும், கயிறோ பக்கவாட்டில் ஆடும். அதைக் கட்டப் போகும்போது பக்கத்து வீட்டம்மாள் குடத்தோடு வந்து நின்றார்.

"சார், கயிறு."

"ஐந்து நிமிஷம் அம்மா."

"உங்க பூகம்பம் காத்துக்கும். என் உலை காத்துக்காது" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாற்பத்து மூன்று ஜோடிக் கண்கள் (அல்லது நாற்பத்து நாலு) என்னைப் பார்த்தன. கையில் கயிறு இல்லை. அப்போதுதான் என் கண் பாவின் மேல் விழுந்தது. பன்னிரண்டு வாசல் நீளம்! எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு சாதனம் கிடைக்கும்? கஞ்சி பூசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பிரஷைப் பிடித்தபடி என் பிரசங்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகராஜன் தோளைத் தடவியபடி பெஞ்சில் இருந்தான். கமலாபாய் அடுத்த பானைக் கஞ்சிக்காக உள்ளே போயிருந்தார். ஒரு மனிதனைத் தடுக்கவேண்டிய அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இல்லாமல் போவது இப்படித்தான்.

"இரண்டாம் அலை!" என்று சொல்லிப் பாவின் நுனிக் கழியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினேன்.

அந்த அலையைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே மூச்சாக வளைந்து எழுந்தன. நெளிவு ஒரு வாசலைத் தாண்டிற்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது வாசலில் கஞ்சி ஈரம் ஆரம்பமாகிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் தொப்பென்று விழுந்து செத்துவிட்டது.

என் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் நான் அடுத்துச் சொல்ல இருந்ததே அதுதான்.

"பார்த்தீர்களா! பார்த்தீர்களா! இரண்டாம் அலை திரவத்தில் போகாது! பூமியின் நடுவில் உருகிய குழம்பு இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? இப்படித்தான் தெரிந்தது! இந்த அலை அதைத் தாண்டி அந்தப் பக்கம் வருவதில்லை!"

(கஞ்சியின் கனமும், குச்சிகள் சரிந்ததும்தான் உண்மைக் காரணம். பரீட்சையில் யாரும் பாவை எழுதிவிட வேண்டாம்.)

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நாகராஜன் எழுந்து நின்றிருந்தான். மூங்கில் குச்சிகள் கழன்று தெருவில் கிடந்தன. ஈர இழைகளெல்லாம் குளித்த தலைமுடி மாதிரி திரி திரியாக ஒட்டிக்கொண்டிருந்தன. கிழக்கே கூரைகளுக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது.

கடைசியில் ஆளே வந்து இறங்குவார் என்று சொன்னேனல்லவா? அந்த மூன்றாவது அலை பூமியின் மேற்பரப்பிலேயே, எல்லாவற்றையும்விட மெதுவாக வரும். கமலாபாய் கஞ்சிப் பானையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு அடியாக என்னை நோக்கி வந்தார்.

"யாரு?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து என்னைக் காட்டிக் கொடுத்தது.

"வாத்தியாரே, உங்களப் பூகம்பம் வராதுன்னு சொல்லச் சொன்னோமா, கொண்டு வரச் சொன்னோமா?"

"இது இரண்டாம் வகை அலை..."

"உங்க வாயில கஞ்சிய ஊத்த! சம்பந்தி கண்ணு முன்னாலயா என் தங்கச்சி பாவுல கைய வச்சீங்க? மாடியக் காலி பண்ணுங்க. இன்னைக்கே! இப்பவே!"

கோவிந்தன் மெதுவாகத் தலையாட்டினார். "இதுக்கு மேல என்னம்மா சகுனம் வேணும்? நான் சொன்னேன்ல, தள்ளி வச்சிருவோம்."

என்னைக் காப்பாற்றியது சரோஜா. அவள் கூட்டத்தையும் பார்க்கவில்லை, வருங்கால மாமனாரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பாவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, திட்டுறது அப்புறம். கஞ்சி காயுது."

அவ்வளவுதான். பிரசங்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தறிக்காரர்கள். பாவின் இரண்டு பக்கமும் வரிசையாக இறங்கிவிட்டார்கள். குச்சிகளைத் திரும்பச் செருகி, ஒட்டிய இழைகளை விரலால் பிரித்துப் பிரித்து நகர்ந்தார்கள். நானும் குனிந்தேன்.

"தொடாதீங்க!" என்றார் கமலாபாய். "வெயில மறைங்க. அந்த ஜமக்காளத்தப் பிடிச்சுட்டு நில்லுங்க. ரெண்டு கையும் மேலயே இருக்கட்டும்."

வாசகசாலை ஜமக்காளத்தின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், எதிர்ப்பக்கம் இரண்டு பேர். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாவுக்கு நிழல் பிடித்தேன். அந்த நிழலில், எனக்கு நேர் கீழே, கோவிந்தன் வந்து உட்கார்ந்தார். சாயக்கடை வைப்பதற்கு முன் அவரும் தறியில் இருந்தவர்தான். ஈர இழை ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்கு மனம் வரவில்லை. முகம் மட்டும் உம்மென்றிருந்தது.

கையை ஆட்ட முடியாது. கரும்பலகை இல்லை, கயிறு இல்லை, பெஞ்சு இல்லை. குறிப்புக் காகிதம் எங்கே விழுந்ததோ தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நான் வாயால் பேசினேன்.

"அண்ணே, பீகார்ல பூகம்பம் வந்த அன்னைக்கு மத்தியானம் ரெண்டேகால் மணி சுமாருக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்லதான். பொங்கச் சாப்பாடு. சாப்பிட்டுப் படுத்திருந்தேன்."

"அங்க நடுங்கி நாலு நிமிஷம் சொச்சத்துல முதல் அலை உங்க பாய்க்கு அடியில வந்துருச்சு."

அவர் விரல் நின்றது. "எத்தன வாரம்?"

"வாரம் இல்லண்ணே. நாலு நிமிஷம். அது தரை மேல வண்டி மாதிரி வரல. பூமிக்குள்ள வளைஞ்சு, பாறைக்குள்ள பாய்ஞ்சு வருது. ஒரு விநாடிக்கு நாலஞ்சு மைல். ஏழெட்டு நிமிஷத்துல ரெண்டாவது வந்துச்சு. பத்து நிமிஷம் போல மேலாப்புல உருண்டு மூணாவதும் வந்துச்சு. ஆயிரத்து எரநூறு மைல் வந்ததுல களைச்சுப் போய், கருவி வச்சுப் பார்த்தாத்தான் தெரியுற மாதிரி வந்துச்சு. நீங்க எந்திரிச்சீங்களா?"

"இல்லையே."

"புரண்டு படுத்தீங்களா?"

அவர் யோசித்தார். தெருவே யோசித்தது. இரண்டு பக்கமும் எல்லா விரல்களும் நின்றிருந்தன.

"கை நிக்க வேணாம்!" என்று கமலாபாய் அதட்டினார். விரல்கள் நகர்ந்தன.

"அப்ப..." என்றார் கோவிந்தன், "அது வந்துட்டுப் போயிருச்சா?"

"உங்களுக்கு அடியில போய், ராமேஸ்வரத்தத் தாண்டிக் கடலுக்குள்ள போயிருச்சு."

"கடலுக்குள்ள எப்படிப் போகும்? ரெண்டாவது அலைதான் கஞ்சியிலயே போகலையே!"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். அது வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிற்று. யாரும் இடம் மாறவில்லை. முதல் வகை அலைக்கு அதைவிட நல்ல நிரூபணம் எனக்குக் கிடைத்ததில்லை. கோவிந்தனும் சிரித்துவிட்டார்.

"முதல் அலை தண்ணியிலயும் போகும்ண்ணே. ரெண்டாவது கடலுக்கு அடியில இருக்குற பாறைக்குள்ள போகும்."

"சரி, புதுசா ஒண்ணு இங்கயே கிளம்பினா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் கல்யாணம் சுலபமாக முடிந்திருக்கும். எனக்கு வரவில்லை. "கிளம்பலாம். என்னைக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. பங்குனியிலயும் சொல்ல முடியாது, நீங்க தள்ளி வைக்கிற வைகாசியிலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பீகார் பூகம்பம் இனிமே வழியில இல்ல. அது மட்டும் நிச்சயம்."

அவர் ஒரு திரியைப் பிரித்து, அடுத்ததைப் பிரித்தார். என் கை மரத்துப்போயிற்று. ஜமக்காளத்துத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மினால் ஜமக்காளம் பாவின் மேல் விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிழலின் கடைசி விளிம்பு வரைக்கும் இழைகள் தனித்தனியாக நின்றபோதுதான் கமலாபாய் நிமிர்ந்தார். அறுந்தவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் சரோஜா முடிச்சுப் போட்டாள்.

கோவிந்தன் எழுந்து முதுகை நிமிர்த்தி, பாவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார்.

"இம்புட்டு ஆட்டம் ஆடியும் பதினோரு இழைதான் போச்சு. பங்குனியிலயே வச்சுக்குவோம்மா. தள்ளி வச்சா வாத்தியாரு இன்னொரு தடவ பிரசங்கம் பண்ணுவாரு."

அப்போதுதான் நான் தும்மினேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பூமி அசையவில்லை. அந்தப் பெருமை முழுவதும் எனக்கே உரியது என்று நான் கருதுகிறேன். நாகராஜன் அதில் பாதியை ஒப்புக்கொள்வான். கமலாபாய் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. "கை ரெண்டும் மேல மாட்டிக்கிட்டப்பதான் வாத்தியாரு உருப்படியா ஒரு வார்த்தை சொன்னாரு" என்பது அவர் முடிவு. கல்யாணத்தன்று நான் பந்தலுக்குள் நுழைந்ததும், "வாத்தியாருக்கு இப்பவே தேங்காயக் குடுங்கடா, ரெண்டு கையிலயும் குடுங்க! சும்மா விட்றாதீங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தாம்பூலம் கிளம்பும்போது கிடைத்தது. எனக்கு நுழையும்போதே கிடைத்தது.

(மாடியை அவர் காலி பண்ணச் சொன்னதை யாரும் மறுபடி நினைவுபடுத்தவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.)

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் பதினாலு கல்யாணம் நடந்துவிட்டது. கமலாபாய் இல்லை, கோவிந்தன் இல்லை, நாகராஜனுக்குக் காது கேட்பதில்லை. வழக்கம் மட்டும் மாறவில்லை. சென்ற ஆவணியில் சரோஜாவின் பேத்திக்குக் கல்யாணம். வாசலிலேயே ஒரு பையன் ஓடிவந்து என் இரண்டு கையிலும் இரண்டு தேங்காயை வைத்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், புது ஆள், திகைத்துப்போய், "இவருக்கு மட்டும் ஏன் வரும்போதே?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சரோஜா மணமேடைப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். அவளுக்கு இப்போது எழுபதுக்கு மேல்.

"அவருகிட்ட எதுவும் கேட்காதீங்க! கேட்டா மூணு வகை சொல்லுவாரு. உங்களத்தான் பெஞ்சுல கடைசியா உட்கார வைப்பாரு!"

பந்தலே சிரித்தது. எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு தேங்காயையும் ஏந்திக்கொண்டு, தோரணத்திலும் படாமல், பந்தல் துணியிலும் படாமல், நிமிர்ந்தபடியே முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மட்டும் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.